இனாம்காவின் குழந்தைகள்

நம்மவர்கள் இருவர் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தால், வண்டி கல்யாணைத் தாண்டுவதற்குள் இரண்டு கேள்விகள் வந்துவிடும். முதலாவது, "எந்த ஊர், என்ன கோத்ரம்?" இரண்டாவது, டிபன் டப்பாவைத் திறக்கும்போது, "சாப்பிட்டாச்சா?"

மூவாயிரம் வருஷங்களுக்கு முன் மறைந்தவர்களின் எலும்புகளிடம் ஆராய்ச்சியாளர்கள் கேட்ட கேள்விகளும் கிட்டத்தட்ட இவையேதான். வெகுகாலம் முதல் கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். திருப்தியான பதில் கிடைக்கவில்லை. கடந்த ஐம்பது வருஷங்களாக இரண்டாவது கேள்வியைக் கேட்கிறார்கள். அதற்கு எலும்பும் பல்லும் தெளிவாகவே பதில் சொல்கின்றன. நம் மும்பையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள இனாம்காவ் என்ற கிராமத்தில் கிடைத்த பதிலைப் பற்றி அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நான் சரித்திரம் படித்தவன் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசின் புள்ளிவிவரத் துறை ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு படிக்க ஆரம்பித்த விஷயம் இது. ஆகவே பண்டிதர்கள் பொறுத்தருள வேண்டும்.

தாராவியில் ஒரு பானை

மாடுங்காவில் குடியிருந்த காலத்தில் கார்த்திகைக்கு அகல் வாங்கவும் பொங்கலுக்குப் பானை வாங்கவும் தாராவி கும்பார்வாடாவுக்கு நடந்தே போவோம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் பல தலைமுறைகளாக அங்கே சக்கரம் சுற்றுகிறார்கள். செம்பூருக்குக் குடிவந்த பிறகும் வருஷத்துக்கு ஒரு முறை போவதை நான் விடவில்லை. சில வருஷங்களுக்கு முன் அப்படிப் போனபோது, சூளையிலிருந்து எடுத்த இரண்டு பானைகளை ஒரு அம்மாள் படுக்கவைத்த வாக்கில் வாயோடு வாய் சேர்த்து வைத்திருந்தார். இடம் அடைக்காமலிருக்க அப்படி வைத்திருக்கலாம். எனக்கு என்னவோ செய்தது. அதற்கு முந்தின மாதம்தான் புனே டெக்கான் கல்லூரியின் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்திருந்தேன். அப்படி வாயோடு வாய் சேர்த்து வைத்த பானைகளுக்குள் இனாம்காவ் மக்கள் எதை வைத்தார்கள் என்பதை அங்கேதான் அறிந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய காலத்துச் சூழலை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று அன்பர்கள் கேட்கலாம். அதற்கு நம் மும்பையிலேயே ஒரு சாட்சி உண்டு. 1870களின் இறுதியில் பிரின்ஸஸ் டாக் கட்டுவதற்காகத் தோண்டியபோது, கடல் மட்டத்துக்குக் கீழே, சேற்றுக்குள் ஒரு காடே புதைந்திருந்தது. அவை பெரும்பாலும் கருங்காலி வகையான கைர் மரங்கள். பல மரங்கள் வேரோடு நின்ற நிலையிலேயே இருந்தன. கைர் உப்புத் தண்ணீரில் வளராது. ஆகவே அந்த இடம் ஒரு காலத்தில் உலர்ந்த நிலமாக இருந்து, பிறகு கடலுக்குள் போயிருக்க வேண்டும். மரம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் நிலத்தின் ஜாதகத்தையே சொல்லிவிட்டது. இதே முறைதான் எங்கும். கருகிய தானியம், விலங்கு எலும்பு, ஆற்று வண்டல், கடலடிச் சேறு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அந்த நாளில் மழை எப்படி, வயல் எப்படி என்று கணிக்கிறார்கள். மனிதனின் எலும்பு கிடைத்துவிட்டால் கணக்கு இன்னும் துல்லியமாகிறது. மழையும் வயலும் கடைசியில் போய்ச் சேருமிடம் மனித உடம்புதானே.

கோத்ரம் கேட்ட காலம்

திருநெல்வேலிச் சீமை அன்பர்களுக்கு ஆதிச்சநல்லூரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் உள்ள அந்தப் பரம்பில் 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1899-க்கும் 1905-க்கும் இடையில் அலெக்ஸாண்டர் ரீ அங்கே விரிவாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளும், இரும்பு, வெண்கலப் பொருள்களும், மண்டை ஓடுகளும் வெளிவந்தன. அந்த மண்டை ஓடுகளை ஸுக்கர்மன் என்ற உடற்கூற்று அறிஞர் ஆராய்ந்து எழுதியதை 1930-ல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. ஓட்டின் நீளம் என்ன, அகலம் என்ன, இது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதே அன்றைய முறை. ஒரே மயானத்தில் கிடைத்த ஒரு சில ஓடுகளை இந்த இனம், அந்த இனம் என்று தனித்தனிக் கட்டுகளாகப் பிரித்தார்கள்.

அந்த முறையின் அஸ்திவாரத்தையே சந்தேகித்த ஒருவரை அன்பர்களுக்குத் தெரிந்திருக்கும். 'யுகாந்தா' எழுதிய இராவதி கார்வே. அவர் மானிடவியல் படிக்க பெர்லின் சென்றபோது, அவருடைய வழிகாட்டி ஆய்கன் ஃபிஷர், இனத்துக்கு இனம் மண்டை ஓட்டின் அமைப்பில் உயர்வு தாழ்வு தெரியும் என்ற கொள்கை உடையவர். கார்வே ஓடுகளை ஒவ்வொன்றாக அளந்தார். அப்படி ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுதான் அளவில் வந்தது. வந்ததை வந்தபடியே எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டில், குருவின் கொள்கைக்கு எதிராக, ஒரு மாணவி. அரசாங்க ஆபீஸில் மேலதிகாரி எதிர்பார்க்கும் எண்ணுக்கும் கணக்கில் வந்த எண்ணுக்கும் நடுவில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கார்வே 1939-ல் புனே டெக்கான் கல்லூரியில் சேர்ந்தார். அதே வருஷம் அங்கே வந்து சேர்ந்தவர் ஹஸ்முக் தீரஜ்லால் சாங்கலியா. 1908-ல் நம் மும்பையில் பிறந்து, செயின்ட் சேவியர்ஸில் படித்து, லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். இருவரும் சேர்ந்து 1940களில் குஜராத்தின் லாங்னஜ் என்ற இடத்தில் கற்கால மனிதர்களின் எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்தார்கள். மண்ணைப் படிப்பவரும் மனிதனைப் படிப்பவரும் ஒரே குழியருகே நின்று வேலை செய்யும் வழக்கம் அங்கே அப்படித்தான் வேரூன்றியது.

கோட் நதிக் கரையில்

சாங்கலியாவின் குழு 1950-51-ல் சங்கம்னேர் அருகே ஜோர்வே என்ற கிராமத்தில் தோண்டியபோது, கறுப்பு வண்ணக் கோடுகள் தீட்டிய சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. அந்த கிராமத்தின் பெயரையே அந்தப் பண்பாட்டுக்கு வைத்தார்கள். பிறகு நெவாஸா, தைமாபாத் என்று பல இடங்களில் அதே பாண்டங்கள். இவர்கள் செம்பும் கல்லும் கலந்து பயன்படுத்திய உழவர்கள். இரும்பு இன்னும் வரவில்லை. எழுத்தும் கிடையாது.

இவற்றுள் மிக விரிவாகத் தோண்டப்பட்டது இனாம்காவ். புனேக்குக் கிழக்கே சுமார் 80 கி.மீ. தூரத்தில், ஷிரூர் தாலுகாவில், பீமாவின் உபநதியான கோட் நதியின் கரையில் உள்ளது. 1968 முதல் 1983 வரை சாங்கலியா, எம்.கே. தாவலிகர், இஸட்.டி. அன்சாரி ஆகியோர் அங்கே அகழாய்வு நடத்தினார்கள். வழக்கமாக ஒரு கிணறு அளவுக்குத் தோண்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். இங்கே ஒரு கிராமத்தையே கூரை நீக்கிப் பார்ப்பதுபோல் அகலமாகத் திறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் வெளிப்பட்டன.

கிராமத்தின் ஆயுள் சுமார் 900 வருஷம். கி.மு. 1600 வாக்கில் மக்கள் வந்து குடியேறினார்கள். கி.மு. 1400 முதல் 1000 வரை முற்கால ஜோர்வே, அதுவே செழிப்பான காலம். நீள்சதுர வீடுகள், தானியக் குதிர்கள், ஆற்று நீரைத் திருப்பிக் கொண்டுவர ஒரு கால்வாய், அதற்குக் கல்லும் மண்ணுமாகக் கரை. பார்லிதான் முக்கியப் பயிர். கோதுமையும் பருப்பு வகைகளும் இருந்தன. கருகிப்போன தானிய மணிகளைச் சலித்து எடுத்து, இன்னது என்று எம்.டி. கஜலே போன்ற தாவர ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

கி.மு. 1000-க்குப் பிறகு, பிற்கால ஜோர்வே என்று சொல்லப்படும் காலத்தில் காட்சி மாறுகிறது. பெரிய வீடுகள் போய்ச் சிறு வட்டக் குடிசைகள் வருகின்றன. பானைகளின் வேலைப்பாடு மட்டமாகிறது. மாட்டெலும்பின் பங்கு குறைந்து ஆட்டெலும்பும் மான் எலும்பும் கூடுகின்றன. கி.மு. 700 வாக்கில் ஊரே காலி. பிறகு வெகுகாலம் அந்த மேட்டில் யாரும் குடியேறவில்லை.

வடக்கே தலை

இறந்தவர்களை இந்த மக்கள் ஊருக்கு வெளியே கொண்டுபோகவில்லை. வீட்டுத் தரைக்கு அடியிலும் முற்றத்திலும் புதைத்தார்கள். பெரியவர்களைக் குழியில் மல்லாக்கக் கிடத்தி, தலையை வடக்கே வைத்தார்கள். கணுக்காலுக்குக் கீழே பாதங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். இறந்தவர் எழுந்து எங்கும் போய்விடக்கூடாது என்ற பயமாக இருக்கலாம் என்பது அகழ்ந்தவர்களின் ஊகம்.

படிக்கும்போது எனக்குச் சிறுவயது ஞாபகங்கள் வந்தன. வடக்கே தலைவைத்துப் படுத்தால் பாட்டி குரல் கொடுப்பாள். பிரேதத்தின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, அவர்களும் நம் வழிதான்" என்று சொல்ல நான் தயாரில்லை. மரணத்தைக் கண்டு எல்லா ஊர் மனிதர்களும் பயந்திருக்கிறார்கள். பயம் ஒன்றாக இருந்தால் சடங்கும் ஒன்றுபோலத் தோன்றலாம். இவர்கள் என்ன பாஷை பேசினார்கள், எந்த தெய்வத்தை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று எலும்பு சொல்லாது. கேட்காத கேள்விக்குச் சாட்சியை இழுத்து வந்து பதில் சொல்ல வைப்பது கோர்ட்டிலும் தப்பு, விஞ்ஞானத்திலும் தப்பு.

பாதம் வெட்டப்படாத பெரியவர் ஒருவரும் கிடைத்திருக்கிறார். ஐந்து அறைகள் கொண்ட ஒரு வீட்டின் முற்றத்தில், நான்கு கால்கள் வைத்த, சுடாத களிமண் தாழி ஒன்றுக்குள் உட்கார்ந்த நிலையில், சுமார் 40 வயதுள்ள ஆண். பக்கத்திலேயே தானியக் களஞ்சியம் இருந்தது. ஊர்த் தலைவராக இருக்க வேண்டும் என்று தாவலிகர் கருதினார். பத்திரிகைகளும் புத்தகங்களும் இவரைப் பற்றியே அதிகம் எழுதின. ஆனால் இனாம்காவில் கிடைத்த இருநூற்றுக்கும் மேற்பட்ட புதைவுகளில் பெரும்பாலானவை குழந்தைகளுடையவை.

குழந்தைகளுக்குப் பாதம் வெட்டவில்லை. இரண்டு சாம்பல் நிறப் பானைகளை எடுத்து, உள்ளே குழந்தையை வைத்து, வாயோடு வாய் சேர்த்து, தரைக்கடியில் கிடையாகப் புதைத்தார்கள். மேலே தரையை மெழுகிவிட்டு, அந்த வீட்டிலேயே தொடர்ந்து குடியிருந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் அந்தப் பானைகளின் எதிரே நின்றபோது எனக்கு என் அம்மாவின் ஞாபகம். எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஏழாம் மாதத்தில் போய்விட்டதாம். அம்மா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. செம்பூர் வீட்டில், அவளுடைய கடைசிக் காலத்தில் ஒரு நாள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அக்குழந்தையைப் பற்றிச் சொன்னாள்.

"அவளை எங்கேம்மா தகனம் பண்ணினா?" என்று கேட்டேன்.

"பல்லு முளைக்காத குழந்தைக்கு ஏதுடா அக்னி? ஆத்தங்கரையிலே பூமாதேவி மடியிலே விட்டுட்டு வந்தா. எந்த இடம்னு என்கிட்டே யாரும் சொல்லலை. நானும் கேக்கலை" என்றாள்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தையைத் தகனம் செய்யாமல் பூமியில் வைக்கும் விதி நம் தர்ம சாஸ்திரத்திலும் இருப்பது அன்பர்கள் அறிந்ததே. இனாம்காவ் தாய்க்கு இடம் தெரியும். தினமும் அதன் மேல்தான் நடந்து சமைத்திருப்பாள். இதில் எது ஆறுதல் என்று எனக்குத் தெரியவில்லை.

பல் சொன்ன சாட்சி

பெரியவர்களின் எலும்பைவிடக் குழந்தைகளின் எலும்பு ஒரு விஷயத்தில் நல்ல சாட்சி. பெரியவர் என்றால் சிறுவயதுக் கஷ்டங்களைத் தாண்டி வந்தவர். தாண்ட முடியாதவர்களிடம்தான் கஷ்டத்தின் அளவு பதிந்திருக்கும். அதிலும் பல் விசேஷமானது. எலும்பு முறிந்தால் கூடும், தேய்ந்தால் ஓரளவு ஈடுகட்டும். பல்லின் எனாமல் ஒருமுறை உருவானால் உருவானதுதான், தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. எனாமல் படிந்துகொண்டிருக்கும் சமயத்தில் கடும் பசியோ ஜுரமோ வந்தால் அந்த இடத்தில் ஒரு குழிவு அல்லது கோடு விழும். அது அழியாது. பால் பற்களின் மேல்பகுதியோ, குழந்தை கர்ப்பத்தில் இருக்கும்போதே உருவாக ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே குழந்தையின் பல்லில் தாய் சாப்பிட்டாளா என்பதும் எழுதியிருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பல் உருவாகும் வரிசை பட்டினியிலும் அதிகம் பிசகாது. எலும்பின் நீளம் பட்டினியில் குறையும். பல்லைப் பார்த்து வயதையும், தொடை எலும்பைப் பார்த்து வளர்த்தியையும் கணக்கிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்த வயதுக்கு அந்தக் குழந்தை எவ்வளவு பின்தங்கியிருந்தது என்று தெரிந்துவிடும். நம் வீட்டுக் குழந்தைகளை டாக்டர் எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பாரே, அதேதான்.

இனாம்காவ் எலும்புகளை டெக்கான் கல்லூரியின் சுபாஷ் வாலிம்பேயும் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லூகாக்ஸும் ஆராய்ந்து, 1986-ல் தனி நூலாக வெளியிட்டார்கள். பிற்காலத்துப் பற்களில் சொத்தை குறைந்திருந்ததைக் கவனித்தார்கள். கேட்க நல்ல செய்திபோல் இருக்கிறது. ஆனால் மாவுப் பண்டம் அதிகம் தின்றால்தான் சொத்தை வரும். சொத்தை குறைந்தது என்றால் தானியம் குறைந்து, வேட்டையும் காட்டுப் பொருள்களும் கூடின என்று பொருள். தரையில் கிடைத்த மான் எலும்பு சொன்னதை மனிதனின் பல்லும் ஒப்புக்கொண்டது.

குற்றவாளி மழையா?

ஊர் ஏன் அழிந்தது? தாவலிகரின் பதில், வறட்சி. கி.மு. 1000 வாக்கில் மழை குறைந்தது, விவசாயம் தளர்ந்தது, மக்கள் ஆடு மேய்த்து அலையும் வாழ்க்கைக்குத் திரும்பினார்கள் என்று அவர் வாதித்தார். சூழலுக்கும் பண்பாட்டுக்கும் உள்ள உறவை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பெரியவர் அவர். 2018-ல் காலமானார். அவர் சொன்னது நம்பத் தகுந்ததாகவே இருந்தது. மலைத்தொடரின் மழை மறைவுப் பிரதேசம் அது. மும்பையில் வருஷத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல் கொட்டும் மேகம் அங்கே போய்ச் சேரும்போது சுமார் 500 மி.மீ.தான் பெய்கிறது.

பின்னர் க்வென் ராபின்ஸ் ஷுக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதே குழந்தைகளின் எலும்புகளை மறுபடி எடுத்து அளந்தார். 2011-ல் அவருடைய நூல் வெளிவந்தது. பிற்காலத்தில் குழந்தைகளின் வளர்ச்சி குன்றியது, பிறப்பும் அதிகம், சிசு மரணமும் அதிகம் என்று அவர் கணக்கிட்டார். கஷ்டம் நிஜம், அதில் சந்தேகமில்லை. ஆனால் காரணம்? அதற்குள் கடலடிச் சேறு முதலியவற்றிலிருந்து பழைய பருவமழையைப் பற்றிய புதுக் கணக்குகள் வந்திருந்தன. அவற்றோடு ஒப்பிட்டபோது, கி.மு. 1000-ல் திடீரென்று மழை பொய்த்து ஊரைக் கவிழ்த்தது என்ற கதை பொருந்தவில்லை. அந்த மக்கள் தொடக்கத்திலிருந்தே வறண்ட சூழலில்தான் வாழ்ந்தார்கள். செழித்ததும் அதே வறட்சியில்தான். ஆகவே மழையை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது, நிலத்தை மனிதர்கள் பயன்படுத்திய விதத்தையும் அவர்களுடைய வாழ்க்கை ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் விசாரிக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு.

இதைப் படித்ததும் நான் 1972-க்குப் போய்விட்டேன். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம். மகாராஷ்டிரம் கண்ட மிகக் கொடிய வறட்சிகளில் ஒன்று அது. கணக்கெடுப்புக்காக ஷிரூர், அகமத்நகர் (இன்று அஹில்யாநகர்) பக்கம் அனுப்பினார்கள். சாலை ஓரம் மைல் கணக்கில் ஜனங்கள் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். வேப்ப மரத்தில் புடவைத் தூளி, அதில் குழந்தை. என் படிவத்தில் "குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை" என்ற கட்டத்துக்கு நான் கேள்வி கேட்டபோது ஒரு பெண்மணி தூளியைப் பார்த்துவிட்டு, "இதையும் எழுதலாமா?" என்று மராத்தியில் கேட்டாள். ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

அந்த 1972-73 வறட்சியில் நிவாரண வேலைகளில் உச்ச கட்டத்தில் சுமார் 50 லட்சம் பேர் இருந்தார்கள். கூலியும் ரேஷன் தானியமும் பெரும் பஞ்சச் சாவைத் தடுத்தன. அதுவே மகாராஷ்டிரத்தின் வேலை உறுதித் திட்டமாகி, 1977-ல் சட்டமாகி, 2005-ல் தேசம் முழுவதற்கும் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு முன்னோடி ஆயிற்று. மழை பொய்த்தது இறைவன் செயல் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் தூளியில் கிடந்த குழந்தை பிழைத்ததா என்பது மனிதர்களின் ஏற்பாட்டைப் பொறுத்திருந்தது. ராபின்ஸ் ஷுக் எலும்பை அளந்து சொன்னதும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்குப் படுகிறது. இனாம்காவ் அருகே நாங்கள் ஜீப்பில் கடந்து போயிருக்கக்கூடும். அதே ஆண்டுகளில் அங்கே சாங்கலியாவின் குழு தோண்டிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது அந்தப் பெயரே தெரியாது.

தாவலிகர் தவறு செய்துவிட்டார் என்று சொல்வது என் நோக்கமல்ல. அவர் குழு ஒவ்வொரு எலும்பையும் அது கிடந்த அடுக்கோடு குறித்து, எண்ணிட்டு, பத்திரமாக வைத்திருந்ததால்தான் முப்பது வருஷம் கழித்து இன்னொருவர் வந்து மறுகணக்குப் போட முடிந்தது. நாளை மூன்றாமவர் வந்து இதையும் திருத்தலாம். நல்ல ரிகார்டு என்பது தன்னை எழுதியவரையே திருத்த இடம் கொடுக்கும் ரிகார்டு. பதிவேடுகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நம் பங்குக்கு

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்ததை நம் மும்பை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று நான் இடுப்பளவு தண்ணீரில் குர்லாவிலிருந்து செம்பூருக்கு நடந்தேன். மழைதான் காரணம் என்றார்கள். மித்தி நதியின் கரையையும் சதுப்பு நிலத்தையும் நாம் என்ன செய்து வைத்திருந்தோம் என்ற கேள்வி பிறகுதான் எழுந்தது. இனாம்காவில் எழுந்த அதே கேள்வி.

நம் சங்கத்துப் பத்திரிகையில் பூர்விகம், கோத்ரம், எங்கிருந்து வந்தோம், யார் முதலில் வந்தோம் என்பன பற்றிப் பல கட்டுரைகள் வந்திருக்கின்றன. நானும் ருசித்துப் படித்திருக்கிறேன். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூவாயிரம் வருஷம் கழித்து நம் எச்சத்தை யாராவது தோண்டினால் அவர்களுக்குக் கோத்ரம் தெரியப்போவதில்லை. நம் தெருவில் இருந்த குழந்தைகள் எல்லாம் சாப்பிட்டனவா என்பது மட்டும் தெரிந்துவிடும். நம் வீட்டுக் குழந்தை, வேலைக்கு வரும் அம்மாளின் குழந்தை, தாராவிக் குழந்தை என்று தனித்தனியாகவே தெரியும். பல் பொய் சொல்லாது.

புனே போகும் அன்பர்கள் யெரவடாவில் டெக்கான் கல்லூரி அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விடுமுறை நாள் இல்லையா என்று முன்னதாக விசாரித்துக்கொண்டு போவது நல்லது. பேரன் பேத்திகளையும் அழைத்துப் போகலாம். என் பேத்தியைக் கூட்டிப்போனபோது எலும்பைக் கண்டு பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பயப்படவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, இந்தப் பாப்பாவுக்குப் பேர் என்ன?" என்றாள். தெரியாது என்றேன். வரும் வழியில் என் அக்காவைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்களே, அதை மட்டும் ஒரு தடவை அம்மா சொல்லியிருந்தாள். ஜானகி.